காரணம் என்கிற கட்டம்

போன செவ்வாய்க்கிழமை மகளுக்கு டி.சி. வாங்கிவிட்டேன். ஏழாம் வகுப்பு, நடு வருஷம். பெங்களூர் அல்சூரில் எங்கள் தெரு துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறது. ஃபீஸ் கட்ட முடியலையா? பாப்பா ஏதாவது பண்ணிட்டாளா? ஓசூரிலிருந்து மாமியார், "இன்னும் நாலு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாதாம்மா?" என்கிறார்.

பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள், நிஜமாகவே. ராத்திரி தூக்கத்தில் நறநறவென்று சத்தம் கேட்கும்.

அந்தப் பள்ளியில் ஒவ்வொரு டெஸ்ட் முடிந்ததும் மார்க்குப்படி இடம் மாற்றுவார்கள். கடைசி வரிசைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஃபெயில் பெஞ்ச். மூன்றாவது டெஸ்டில் இவள் அங்கே போய்ச் சேர்ந்தாள். தசரா லீவில் மெட்ரோ ஸ்டேஷனில் நிற்கும்போது பலகையைப் படி என்றேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். கிட்டப்பார்வை! கரும்பலகையே சரியாகத் தெரியாமல் மாசக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள், சொல்ல பயம். டாக்டர் சீட்டோடு போய் முன்னால் உட்கார வையுங்கள் என்று கேட்டேன். "மார்க் எடுத்தா தானா முன்னாடி வந்துடுவா மேடம்" என்றார் டீச்சர். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிக்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை, மனரீதியான துன்புறுத்தலும் கூடாது என்கிறது. பெஞ்ச் அதில் வராது என்று யாராவது சொன்னால் ஒரு வாரம் அங்கே உட்கார்ந்து பார்க்கட்டும்.

அப்புறம் ஆபீஸ். முழு வருஷ ஃபீஸையும் கட்டினால்தான் டி.சி. என்றார்கள். இவளைச் சேர்க்கப்போவது அரசு உதவி பெறும் பள்ளியில். அப்படி மாறும் பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் உடனே டி.சி. தர வேண்டும், அது வரத் தாமதமானாலும் புதுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. 5ஆம் பிரிவு. போனில் எடுத்துக் காட்டினேன். இரண்டு நாளில் கைக்கு வந்தது.

ஆனால் விண்ணப்பத்தில் 'விலகக் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பெஞ்ச் விஷயத்தை இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தேன். கிளார்க் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "குடும்பச் சூழ்நிலைன்னு போடுங்க மேடம், எல்லாரும் அதான் போடுவாங்க." கன்னடம் கலந்த தமிழில், பரிவாகத்தான் சொன்னார். எத்தனை பேர் அப்படிப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள்! பள்ளியின் கோளாறெல்லாம் குடும்பத்தின் தலையில் எழுதப்பட்டு, ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. நானும் ஒத்துக்கொண்டிருப்பேன், அந்த நறநற சத்தம் காதில் இல்லாவிட்டால். எழுதியது எழுதியபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மாமியாரிடம் இன்னும் கண்ணாடி விஷயத்தைச் சொல்லவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு இந்த வயசிலேயே கண்ணாடியா என்று அது தனிப் பஞ்சாயத்து.