லேப்டாப் மத்தியானம் மட்டும் ஸ்லோ ஆனா அது வைரஸ்தான்னு இல்லீங்க

லேப்டாப் ஸ்லோ ஆவுதுன்னு தம்பி கேட்டதுக்கு, மேல கமெண்ட்ல ஒரு அண்ணன் "லேப்டாப் அப்பப்ப ஸ்லோ ஆவுதுன்னா கண்டிப்பா வைரஸ்தான், ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்"னு போட்டுக்கீறாரு, அதை நம்பி இருக்கிற ஃபைலெல்லாம் அழிச்சிக்காதீங்க தம்பி. காலைல நல்லா ஓடுது, மத்தியானம் கொஞ்ச நேரம் திணறிட்டு தானா சரியாவுதுன்னு நீங்களே சொல்றீங்க, வைரஸ்னா பெரும்பாலும் இப்படி வெயில் நேரம் பாத்து வேலை செய்யாது.

நம்ம வேலூர் வெயில் மே மாசம் 40 டிகிரியை சாதாரணமா தாண்டும், அதுல மாடி ரூம்ல மெத்தை மேல வெச்சிக்கினு ஓட்டினா அடில காத்து போற வழி அடைச்சிக்கும், பிராசசர் (சிபியு) சூடு 95, 100 டிகிரி கிட்ட போனதும் அது கெட்டுப்போவாம இருக்க தானே வேகத்தை கொறைச்சிக்கும், ஆறினா பழையபடி ஓடும்.

ஸ்லோவா இருக்கும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அழுத்தி டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பாருங்க. வேலை ஓடிட்டு இருக்கும்போதே சிபியு ஸ்பீடு, பக்கத்துல போட்டிருக்கிற பேஸ் ஸ்பீடை (அதோட வழக்கமான அடிப்படை வேகம்) விட ரொம்ப கீழ நின்னா சூடா இருக்கலாம், இல்ல கம்மி வாட்ஸ் சார்ஜர் போட்டிருப்பீங்க (சும்மா இருக்கும்போது கொறையறது நார்மல், பயப்படாதீங்க). டிஸ்க் 100 சதவீதத்துல நின்னா அப்டேட்டோ ஸ்கேனோ பின்னாடி ஓடிட்டு இருக்கலாம், முடிய விடுங்க.

வைரஸ் வரவே வராதுன்னு சொல்லல, சந்தேகம்னா விண்டோஸோடவே வர்ற டிஃபெண்டர்ல ஃபுல் ஸ்கேன் போடுங்க. மொதல்ல மேசை மேல வெச்சி, ஃபேன் தூசியை கிளீன் பண்ணிட்டு பாருங்க.