மேசைக்குப் பின்னால் ஒரு தரம் உட்கார்ந்து பாருங்கள்

"காசு கட்டித்தானே லைசென்ஸ் எடுத்தோம், என் பிள்ளையை ஏன் இறக்கவில்லை?" கூடைப்பந்து சீசன் தொடங்கினால் எங்கள் கிளப் வாசலில் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். லைசென்ஸ் என்றால் போட்டிகளில் ஆடுவதற்கான அனுமதி. கேட்பவர்களில் நம்மவர்களும் உண்டு என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

புதுச்சேரியில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், பிரான்சு நாட்டு ஏற்பாடுதான். லிசேயில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், புதன்கிழமை மதியம் விளையாட்டு ஆசிரியர்கள் பிள்ளைகளை ஆட வைப்பார்கள். ஆனால் நிஜமான சீசன் கிளப்பில்தான். பிரான்சின் கூடைப்பந்து நட்சத்திரம் வெம்பன்யாமாவே நான்டேர் கிளப்பில் வளர்ந்து, பதினைந்து வயதிலேயே அங்கே பெரியவர்கள் அணியில் இறங்கியவர். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. 2023இல் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்த டிராஃப்டில் முதல் பெயர் அவருடையது. என் அக்கா போனில் கேட்பது வேறு: "இதுக்கு சர்ட்டிபிகேட் உண்டா, கோட்டா உண்டா?" ஊரில் இருப்பது மாதிரி கோட்டா இங்கே கிடையாது அக்கா. மேற்படிப்பு விண்ணப்பத்தில் 'ஆர்வங்கள்' என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் எழுதிக்கொள்ளலாம்.

சரி, லைசென்ஸ் காசுக்கு வருவோம். அது நிமிடத்துக்கு வாங்கிய டிக்கெட் இல்லை. அதில் ஒரு பங்கு சம்மேளனத்துக்கும் இன்சூரன்சுக்கும் போய்விடுகிறது. கிளப் என்பது 1901 ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் ஒரு சங்கம், கடை இல்லை. எங்கள் கோச்சுக்குச் சம்பளமே கிடையாது. பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வந்து விசில் ஊதுகிறார். கணக்கையும் பாருங்கள்: பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆக மொத்தம் 200 நிமிடம்தான் அவர் கையிருப்பு. பத்துப் பெண்கள் வந்தால் சமமாகப் பிரித்தாலும் ஆளுக்கு 20. என் மகளுக்கு அதிலும் பாதி கிடைத்தால் அதிகம். பயிற்சிக்கு ஒழுங்காக வருகிறவளுக்கு முதலில் என்பது கோச்சின் கணக்கு. அதில் எனக்குக் குறையில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். நம் அரங்கில் ஆட்டம் நடந்தால், களத்தின் ஓரத்தில் ஸ்கோரும் நேரமும் பார்க்கும் மேசைக்கு ஆள் தரவேண்டியது நம் கிளப். லேப்டாப்பில் ஸ்கோர் ஏற்ற ஒருவர், கடிகாரத்துக்கு ஒருவர், 24 விநாடிக் கருவிக்கு ஒருவர். வேறு யார், நாம்தான். இதில் 24 விநாடி வேலை இருக்கிறதே, அது தனி. பந்து வைத்திருக்கும் அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும்; அந்த நேரத்தை எண்ணுவதுதான் இந்தக் கருவி. பந்து வளையத்தில் பட்டுத் திரும்பி, எறிந்த அணிக்கே கிடைத்தால் கருவியை 14 விநாடிக்கு மாற்றவேண்டும். எதிரணி பிடித்தால் 24. வளையத்தைத் தொடவே இல்லை, பந்தும் அதே அணியிடம் என்றால் கருவியைத் தொடக்கூடாது, அது பாட்டுக்கு ஓடவேண்டும். பட்டதா படவில்லையா என்று கண் முடிவு செய்வதற்குள் விரல் அழுத்தியிருக்க வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் "ரீசெட், ரீசெட்!" என்று கத்துவார். அவர் ஒரு நாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

நடுவர் பாவம். சின்னப் பிள்ளைகள் ஆட்டங்களில் பெரும்பாலும் கிளப்பிலேயே பழகிய பதினாறு, பதினேழு வயதுப் பையனோ பெண்ணோதான். திங்கட்கிழமை அதற்குக் கணக்குப் பரீட்சை இருக்கும். பள்ளியில் ஆசிரியர் முன்னால் கைகட்டி நிற்கிற அப்பாக்கள், இந்தப் பிள்ளையிடம் மட்டும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். போன சீசனில் ஒரு பெண் இடைவேளையில் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து மீதி ஆட்டத்தையும் நடத்தினாள். கத்தியவர் அதற்குள் சமோசா தின்றுகொண்டிருந்தார்.

நம் பிள்ளைகள் எவ்வளவோ மேல். 2024 ஒலிம்பிக் பெண்கள் இறுதிப் போட்டியில் பிரான்ஸ் 67-66 என்று அமெரிக்காவிடம் ஒரு புள்ளியில் தோற்றது. கடைசி நொடியில் கேபி வில்லியம்ஸ் எறிந்தது உள்ளே போனது. கால் மூன்று புள்ளிக் கோட்டில் பட்டிருந்ததால் மூன்று இல்லை, இரண்டுதான். கொஞ்சம் பின்னால் நின்றிருந்தால் கூடுதல் நேரம் ஆடியிருப்பார்கள். மகளும் அவள் தோழிகளும் கோட்டில் பட்ட அந்தக் கால் பற்றி வாரக்கணக்கில் பேசினார்கள். நடுவரைத் திட்டி ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை.

இன்னொன்று, வண்டி. சேன் ஆந்த்ரேயிலிருந்து சேன் பியேருக்கு ஆட்டத்துக்குப் போக, சேன் பெனுவாவில் திரும்பி மலைமேல் ஏறும் பாதையைப் பிடிப்போம். மேலே பிளேன் தே கஃப்ரில் மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்குதான் வழி. பின்சீட்டில் நாலு பெண்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். எப்போதும் அதே இரண்டு மூன்று பெற்றோர்தான் வண்டி எடுக்கிறோம். கத்துகிறவர்கள் தங்கள் பிள்ளையை நம் காரில் ஏற்றிவிட்டு, தாங்கள் தனியாக வந்து சேர்வார்கள். இது எனக்கு இன்னும் புரியவில்லை!

வருகிற சனிக்கிழமை ஆட்டம் நம் அரங்கில். ஆட்டம் முடிந்து இரண்டு அணிக்கும் கொடுக்கத் தின்பண்டம் கொண்டுவரப் போதுமான ஆட்கள் பேர் கொடுத்தாயிற்று. 24 விநாடிக் கருவிக்குத்தான் ஆள் இல்லை. அரை மணி நேரம் முன்னால் வந்தால் நான் சொல்லித் தருகிறேன்.