பென்னி பாலிசியும் நேற்றைய பேச்சும்

நேற்று நேரலையில் ஒருவர் லண்டன் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றைப் புகழ்ந்து பேசியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விக்டோரியா ராணி காலத்து புருடென்ஷியல் கம்பெனி ஏழைகளின் காவல் தெய்வமாம். லண்டன் ஹோல்பர்னில் கட்டடக் கலைஞர் வாட்டர்ஹவுஸ் கட்டிய அந்தக் கம்பெனியின் சிவப்புக் கட்டடத்தை அவ்வளவு நேரம் காட்டினாரே, அது யார் காசில் எழுந்தது என்று ஒரு வார்த்தை சொன்னாரா?

1848-இல் லண்டனில் தொடங்கிய கம்பெனி அது. 1854-இல் தொழிலாளர்கள் பக்கம் திரும்பியது. வாரம் ஒரு பென்னி, அதாவது ஒரு சில்லறைக் காசு; ஏஜென்ட் வீட்டு வாசலுக்கே வந்து வாங்கிப்போவார். கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு 52 பென்னி. கமிஷன், வசூல், அலுவலகம் என்று பிரீமியத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் செலவுக்கே போனது. அதாவது 21 பென்னி!

அந்த மக்கள் கட்டியது பெரும்பாலும் தங்கள் அடக்கச் செலவுக்கு. கேட்பாரற்றுச் செத்தால் உடலை அறுத்துப் படிக்கக் கொடுத்துவிட 1832-ஆம் வருடச் சட்டம் இடம் கொடுத்தது. அந்தப் பயத்தில் கட்டினார்கள். வேலை போய்ச் சில வாரம் தவறினால் பாலிசி லாப்ஸ், அதாவது காலாவதி. கம்பெனியின் ஆரம்ப காலத்தில், அதுவரை கட்டிய காசும் திரும்பாது.

"வீடு வீடாக நடந்தால் செலவாகாதா?" என்பீர்கள். ஆகும். 1864-இல் அப்போதைய பிரிட்டிஷ் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் தபால் நிலையம் வழியாகக் கொண்டுவந்த மலிவான காப்பீடு, வாசலுக்கு வர ஆளில்லாமல் எடுபடவில்லைதான். "1869-இல் ஆல்பர்ட் என்ற இன்னொரு காப்பீட்டுக் கம்பெனி திவாலானபோதும் புருடென்ஷியல் நிலைத்ததே?" நிலைத்தது, சரி. ஆனால் கம்பெனிகள் கணக்கை வெளியே காட்ட வேண்டும் என்று 1870-இல் சட்டமே போட வேண்டியிருந்ததே, அதை ஏன் விட்டார்?

எங்கள் வீட்டிலும் அப்பாவுக்கு வேலை போன வருடம் அம்மாவின் பாலிசி லாப்ஸ் ஆனது. ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுக் கட்டோடு போனோம். "மூணு வருஷம் முடியலையேம்மா, ஒண்ணும் வராது" என்றார் கவுன்டரில் இருந்தவர். அம்மா ரசீதுகளை ஒவ்வொன்றாக நீவி, மறுபடி அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

லண்டனுக்கும் உங்கள் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத்தான் போகிறீர்கள். கேளுங்கள். பேச்சின் கடைசியில் அவர் என்ன சொன்னார்? "ஏழைகளுக்குச் சேமிக்கும் பழக்கம் கிடையாது, கம்பெனிதான் கற்றுக்கொடுத்தது" என்றார். கட்டடம், கமிஷன் எல்லாம் போகட்டும், இதுதான் எனக்கு ஆறவில்லை. என் அம்மா அடுப்புக்கு மேலே டப்பாவில் போட்டுப் போட்டுச் சேர்த்த காசு அது. அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.