புரோகிராமிங் தெரியாதவர்களுக்குத் திறமூலத்தில் இடமில்லையா?

'புரோகிராமிங் தெரியாதவர் திறமூல மென்பொருளுக்கு (மூல நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்) பணம் மட்டுமே தரலாம்' என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு. லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள், டெபியன் என்ற இயங்குதளம் போன்ற திட்டங்களில் மொழிபெயர்ப்பு, சோதனை, ஆவணம் என எல்லாவற்றுக்கும் ஆட்கள் தேவை.

மென்பொருளில் உள்ள பிழையைத் தெரிவிக்கும் வழு அறிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சேமிக்க முடியவில்லை' என்று மட்டும் எழுதினால் யாராலும் திருத்த முடியாது. அதே வழு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பதிப்பு எண், இயங்குதளம், வரிசையாகச் செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது எல்லாம் வேண்டும். பிழைச் செய்தியை எழுத்தாகவே ஒட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது தேடலில் சிக்காது.

மொழிபெயர்ப்பில்தான் கவனம் அதிகம் வேண்டும். %d, %s என்று சதவீதக் குறியோடு வரும் எழுத்து ஓர் இடக்குறி; நிரல் ஓடும்போது எண்ணோ பெயரோ வந்து அமரும் இடம். அதை விட்டுவிட்டால் அந்த விவரம் திரையில் வராது. எண்ணுக்கான குறி இருக்கும் இடத்தில் பெயருக்கான குறியைப் போட்டால் நிரலே நின்றுவிடலாம். ஆங்கிலத்தில் 'Page 3 of 10' என்று பக்க எண் முன்னும் மொத்தம் பின்னும் வரும். தமிழில் '10இல் 3ஆம் பக்கம்' என்று வரிசை மாறும். இடக்குறிகளுக்கு 1, 2 என்று எண் கொடுக்காவிட்டால் திரையில் '3இல் 10ஆம் பக்கம்' என்றுதான் தெரியும். மொழிபெயர்ப்புக்குப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் கோப்பில் 'ஃபஸி' (இன்னும் சரிபார்க்க வேண்டும்) அடையாளம் இருக்கும் வரிகள், மென்பொருள் பயன்படுத்தும் கோப்பாகத் தொகுக்கும்போது வழக்கமாகச் சேராது. சரிபார்த்த பிறகு அந்த அடையாளத்தை எடுக்க மறந்தால் உங்கள் உழைப்பு பயனரைச் சேராது.

மூல நிரலைத் திருத்தத்தான் புரோகிராமிங் வேண்டும். ஆனால் இயந்திர மொழிபெயர்ப்பைப் படித்துப் பார்க்காமல் அப்படியே மொத்தமாகக் கொட்டாதீர்கள். அதைச் சரிபார்ப்பவருக்கு இரட்டை வேலை.