துணைமைக் கோட்பாடு அரசை விலகச் சொல்லவில்லை

அண்ணா, “துணைமைக் கோட்பாட்டின்படி ஏழைகளைப் பார்ப்பது குடும்பமும் பங்குக் கோயிலும்தான், அஸ்வெசும (இலங்கை அரசு வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கும் பணம்) மாதிரி அரசு உதவி கத்தோலிக்கப் போதனைக்கு எதிரானது” என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. முடிவு பிழை.

1931இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் எழுதிய சுற்றுமடலின் 79ஆம் பத்தியைத்தான் இந்தக் கோட்பாட்டுக்கு எல்லோரும் காட்டுவார்கள்: சிறிய அமைப்பு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறிப்பது அநீதி. சரி, அடுத்த பத்தியையும் வாசியுங்கள். சின்ன வேலைகளைக் கீழே விட்டால்தான் தனக்கே உரிய வேலைகளை அரசு இன்னும் வலுவாகச் செய்யும் என்கிறார். ‘துணைமை’ (subsidiarity) என்ற சொல்லின் லத்தீன் வேருக்கே ‘உதவி’ என்றுதான் பொருள். 1891இலேயே திருத்தந்தை 13ஆம் லியோ, ஏழைகளை அரசு தனிக் கவனத்தோடு காக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்.

எங்கள் திருகோணமலைக் கரையைப் பாருங்கள். மீனவர் சங்கத்தில் மரண சகாய நிதி இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு என்றால் பொருளாளர் கொப்பியோடு வீடு வீடாகப் போவார்; பிரேதம் எடுக்க முன்னமே காசு வந்துவிடும். அதில் எந்த அதிகாரிக்கும் வேலையில்லை. ஆனால் போன படகு இரவாகியும் திரும்பாவிட்டால்? கடற்படைதான் தேடிப் போக வேண்டும். அப்புறம், மார்கழி வாடையில் கடலுக்கு இறங்க முடியாமல் எல்லா வீட்டிலும் ஒரே நேரம் அடுப்பு அணைந்தால், சங்கத்தில் யார் யாருக்குக் கொடுப்பது? அங்கே அரசு கை கொடுப்பதைத்தான் இந்தப் போதனை கேட்கிறது. எங்கள் மரண நிதியையும் அரசு எடுக்க வந்தால் சொல்லுங்கள், நானும் உங்களோடு நிற்பேன்.