தெசலோனிக்கியின் பழைய பகுதிகள் போலியானவை அல்ல: ஓர் உண்மை விளக்கம்

கிரீஸின் தெசலோனிக்கி நகரம் 1917ஆம் ஆண்டுத் தீயில் முற்றிலும் அழிந்துவிட்டது என்றும், அங்கே இன்று காட்டப்படும் பழைய தெருக்களும் தேவாலயங்களும் சுற்றுலாவுக்காகப் பின்னாளில் கட்டப்பட்ட நகல்கள் என்றும் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது தவறு.

1917 ஆகஸ்டில் மூண்ட அந்தத் தீ நகரின் மையப்பகுதியை விழுங்கியதும், எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் வீடிழந்ததும் உண்மைதான். அந்த மையப்பகுதியே பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் எப்ரார் தலைமையில் வகுக்கப்பட்ட திட்டப்படி, நேரான அகன்ற சாலைகளுடன் புதிதாக எழுந்தது. அரிஸ்டாட்டில் சதுக்கம் அதன் விளைவு.

ஆனால் காற்று தீயைக் கடலை நோக்கித் தள்ளியதால், குன்றின் மேலுள்ள 'ஆனோ போலி' (கிரேக்கத்தில் 'மேல் நகரம்') என்ற பகுதி பெரும்பாலும் தப்பியது. தெருவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மாடிகளைக் கொண்ட உஸ்மானியக் கால வீடுகளை அங்கே இன்றும் காணலாம். அதே பகுதியில் இருக்கும் சிறிய ஓசியோஸ் தாவீத் தேவாலயத்தின் பழங்கால மொசைக் ஓவியம், என் பார்வையில், இந்த வதந்திக்கு மிகச் சிறந்த பதில். துறைமுகத்தை ஒட்டி எண்ணெய்க் கிடங்குகள் நிறைந்திருந்த லதாதிகாவும் எரியவில்லை. நான்காம் நூற்றாண்டின் ரொட்டுண்டா என்ற வட்டவடிவக் கட்டடமும் நிற்கிறது. புனித டிமெட்ரியோஸ் தேவாலயமோ கடுமையாகச் சேதமுற்று, மீட்டுக் கட்டப்பட்டு, 1949இல் திறக்கப்பட்டது. அந்த ஒன்றை வைத்து நகரையே போலி என்பது நியாயமன்று.

நகரின் ஆதிக்கிறித்தவ, பைசாந்தியச் சின்னங்கள் 1988இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. யுனெஸ்கோ இணையதளத்தில் எவரும் இதைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலும் பகிராதீர்கள். அனுப்பியவருக்கும் இந்த விவரத்தைத் தெரிவியுங்கள்.