வெறிநாய்க்கடி வைரஸ் எங்கே குடியிருக்கிறது?

கொரோனா காலத்தில் ‘உருமாறிய வைரஸ்’ என்று கேட்டுக் கேட்டு நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த நோயைப் பற்றிப் பேச்செடுத்தாலும் யாராவது ஒருவர் “அது இப்ப உருமாறிடுச்சாமே” என்கிறார். 2022இல் கேரளாவில் தடுப்பூசி போட்டுக்கொண்டும் சிலர் வெறிநாய்க்கடியால் இறந்தபோதும் இதே பேச்சுதான் ஓடியது. ரேபிஸைப் பொறுத்தவரை நாம் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேபிஸ் வைரஸின் மரபுத்தொகுதி ஏறக்குறைய 12,000 எழுத்துகள் கொண்ட ஆர்என்ஏ (டிஎன்ஏ போன்ற ஒரு மரபுப்பொருள்). ஐந்தே மரபணுக்கள். ஆர்என்ஏ வைரஸ் என்பதால் பிரதி எடுக்கும்போது பிழைகள் ஏராளமாக விழும். ஆனால் நிலைத்து நிற்பவை ஆண்டுக்குச் சராசரியாகச் சில எழுத்துகள்தான். காரணம், இந்த வைரஸ் போக வேண்டிய பாதை அப்படி. கடிபட்ட தசையில் பிழைக்க வேண்டும், நரம்புக்குள் நுழைந்து மூளை வரை ஏற வேண்டும், மூளையில் பெருகி, அங்கிருந்து எச்சில் சுரப்பிக்கு இறங்க வேண்டும். அதுவும் அந்த விலங்கு இன்னும் நடமாடிக்கொண்டு, கடிக்கும் நிலையில் இருக்கும்போதே எச்சிலில் வந்து சேர வேண்டும். இதில் ஒரு கட்டத்தில் சொதப்பினாலும் அந்த வம்சம் அங்கேயே முடிந்தது. அதனால் ஏடாகூடமாக மாறிய பிரதிகள் கழிந்துகொண்டே இருக்கின்றன.

வெறிநாய்க்கடிக்கு முதல் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டரின் காலத்திலிருந்து வழிவழியாகச் சோதனைக்கூடத்தில் வளர்த்த வைரஸைக் கொண்டு செய்த தடுப்பூசி இன்றும் தெருநாய் ரேபிஸைத் தடுக்கிறது, அமெரிக்க வௌவால் ரேபிஸையும் தடுக்கிறது. ஊசி போட்டும் இறந்தவர்களின் கதையைப் பார்த்தால் பெரும்பாலும் முகத்திலோ கையிலோ ஆழமான கடி, காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவாதது, இம்யூனோகுளோபுலின் (காயத்தைச் சுற்றிப் போடும் ஆயத்த எதிர்ப்பொருள்) போடாதது அல்லது தாமதம் என்றுதான் வந்து நிற்கும். உருமாற்றம் என்று சொல்லிவிட்டால் இவை எல்லாம் பேச்சிலிருந்து நழுவிவிடுகின்றன. எனக்கு அதுதான் எரிச்சல்.

அப்படியானால் இந்த வைரஸ் மாறுவதே இல்லையா? மாறும், விலங்கு மாறும்போது. இதை முதலில் கண்ணால் பார்த்தவர் பாஸ்டரே. நாயின் வைரஸை முயலிலிருந்து முயலுக்கு என்று தொடர்ந்து ஏற்றிக்கொண்டே போனார். தெருநாயிடம் நோய் எப்போது வெளிப்படும் என்று சொல்ல முடியாது. முயல்களில் பல தலைமுறை ஏறிய வைரஸோ ஒரு வாரத்துக்குள் ஆளைக் காட்டியது. குரங்குகளில் ஏற்றியபோது நேர்மாறாக, அது நாய்க்கு வீரியம் குறைந்ததாக ஆனது. வைரஸ் தான் குடியிருக்கும் விலங்குக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் என்பது 1880களிலேயே தெரிந்துவிட்டது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தை அறிந்தவர்களுக்கு ஆட்டு மூளையில் தயாரித்த பழைய ஊசி நினைவிருக்கும். தொப்புளைச் சுற்றிப் போடும் அந்த ஊசிக்கும் இப்படிப் பழக்கப்படுத்தப்பட்ட வைரஸ்தான் மூலம்.

ரேபிஸ் எந்தப் பாலூட்டியையும் கொல்லும்: மாடு, பூனை, குரங்கு, மனிதன், யானைகூட. ஆனால் அது காலங்காலமாகக் குடித்தனம் நடத்துவது சில விலங்குகளிடம் மட்டுமே; மற்றவற்றின் திண்ணையில் ஓர் இரவு படுத்துவிட்டு அங்கேயே செத்துப்போகிறது. நாய், நரி, ராக்கூன், ஸ்கங்க் (இவை இரண்டும் அமெரிக்கச் சிறு காட்டு விலங்குகள்), கீரி போன்ற ஊனுண்ணிகளும், அமெரிக்கக் கண்டங்களில் வௌவால்களும்தான் அதன் வீடுகள். பூனை கடித்தால் கட்டாயம் ஊசி போட வேண்டும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பூனைக்கென்று தனி ரேபிஸ் வம்சம் உலகில் எங்கும் இல்லை. பூனைக்கு அது வருவது நாயிடமிருந்தோ வேறு காட்டு விலங்கிடமிருந்தோதான்.

விதிவிலக்கும் உண்டு. நமீபியாவில் 1970களின் பிற்பகுதியில் குடு என்ற பெரிய இரலை மான்கள் ரேபிஸால் ஆயிரக்கணக்கில் மடிந்தன. மான் கடிக்காது, பின்னே எப்படிப் பரவியது? முள்மரங்களை மேய்ந்து வாயெல்லாம் புண்ணாக இருக்கும் இந்த மான்களிடையே எச்சில் வழியாகவே தொற்றியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எந்த விலங்கு வைரஸுக்கு வீடாகும் என்பதை வைரஸின் மரபணு மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த விலங்கின் தீனியும் கூட்டமும் பழக்கவழக்கமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

வட அமெரிக்க வௌவால்களில் இதை அழகாகக் காட்டிய ஆய்வு 2010இல் வந்தது. டேனியல் ஸ்ட்ரைக்கர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 23 வகை வௌவால்களிலிருந்து எடுத்த வைரஸ்களை ஒப்பிட்டார்கள். ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குத் தாவுவது, இரண்டும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் நடக்கிறது. ஒரே இடத்தில் சுற்றித் திரிந்தாலும் தூரத்து உறவுக்குத் தாவுவது குறைவு. பின்னர் அதே குழு இன்னொன்றையும் கண்டது: வெப்பமண்டல வௌவால்களில் இந்த வைரஸ் வேகமாகப் பரிணமிக்கிறது, குளிர்நாட்டு வௌவால்களில் மெதுவாக. குளிர்காலம் முழுக்க வௌவால் உறங்கினால் வைரஸும் சேர்ந்துதானே உறங்க வேண்டும்!

தூரத்து உறவுக்குத் தாவுவது குறைவு, ஆனால் நடக்காமல் இல்லை. அரிசோனாவின் பிளாக்ஸ்டாஃப் நகரில் 2001இல் 19 ஸ்கங்க்குகள் வௌவால் வகை ரேபிஸால் இறந்தன. வௌவால் கடித்த ஒரு ஸ்கங்க் செத்திருந்தால் அது செய்தியே இல்லை. இங்கே ஸ்கங்க்கிலிருந்து ஸ்கங்க்குக்குப் பரவியிருந்தது. பிடித்துப் பிடித்து ஊசி போட்டு அடக்கினார்கள். 2004இல் மறுபடி வந்தது, 2009இல் நரிகளிலும் வந்தது.

ஐரோப்பாவில் நடந்ததுதான் நமக்கு மிகவும் வேண்டிய பாடம். நாயிடம் இருந்த வைரஸ் செந்நரிக்கு மாறி, 1940 வாக்கில் போலந்து–ரஷ்ய எல்லைப் பக்கத்திலிருந்து மேற்கு நோக்கி நகர ஆரம்பித்தது. 1968இல் பிரான்ஸைத் தொட்டது. நரிக்குப் பழகிய அந்த வைரஸ் மிகச் சிறிய அளவிலேயே நரியைத் தொற்றும், நாயைத் தொற்ற அதைவிடப் பன்மடங்கு தேவை. நரிகளைச் சுட்டார்கள், வளைக்குள் நச்சுவாயு விட்டார்கள். காலியான இடத்துக்கு வேறு நரிகள் வந்தன, நோயும் பின்னாலேயே வந்தது. 1978இல் சுவிட்சர்லாந்தில் கோழித் தலைக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் போட்டார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும். அந்த வழியில் போய்த்தான் மேற்கு ஐரோப்பா நரி ரேபிஸை ஒழித்தது.

இன்னொரு பக்கம், அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் ராக்கூன்களைத் தெற்கிலிருந்து வண்டியில் கொண்டுபோய் மேற்கு வர்ஜீனியா எல்லைப் பக்கம் விட, 1977க்குப் பிறகு கிழக்குக் கடற்கரை முழுவதும் ராக்கூன் ரேபிஸ் பரவியது. வைரஸ் தானாக அந்தத் தூரத்தைத் தாண்டவில்லை, லாரியில் போனது.

நம் பக்கம் வருவோம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நாய்களிடம் இருப்பது ‘இந்தியத் துணைக்கண்ட வகை’. நாய் ரேபிஸின் குடும்ப மரத்தில் மிக ஆரம்பத்திலேயே பிரிந்த கிளை இது. வட இந்தியாவில் பெரும்பாலும் இருப்பதோ ஆர்க்டிக் நரிகளின் வைரஸுக்குச் சொந்தக்கார வகை. ஒரே நாட்டுக்குள் இவ்வளவு தூரத்து உறவு. உலகில் ஆண்டுக்கு சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக ஒரு மதிப்பீடு உண்டு. அவர்களில் 99 விழுக்காட்டினருக்கு அது நாயிடமிருந்துதான் வருகிறது. தான்சானியாவின் செரங்கெட்டியில் கழுதைப்புலி முதல் நரி வரை பல விலங்குகளில் ரேபிஸ் கண்டார்கள். தேடிப்போனால் ஆணிவேர் ஊர் நாய்களில் இருந்தது. நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஊசி போட்டால் சங்கிலி அறுந்துவிடும். மெக்சிகோ அப்படித்தான் 2019இல் நாய்வழி மனித ரேபிஸ் இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது.

2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைக் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, பத்து பதினைந்து நாட்களுக்குள் அதைத் திருத்தியபோது, முகநூலே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. இரண்டு பக்கமும் நாயைப் பற்றியே பேசினார்கள், வைரஸைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. நாயிடம் இது சுற்றிக்கொண்டிருக்கும் ஒவ்வோர் ஆண்டும் கீரிக்கும் நரிக்கும் கடிபட வாய்ப்புக் கூடுகிறது. பெரும்பாலான தாவல்கள் அங்கேயே முடியும், சரி. ஆனால் ஒன்று நிலைத்துவிட்டால் அப்புறம் தெருநாய்க்கு ஊசி போட்டு மட்டும் ஆகாது, காட்டுக்குள் கோழித் தலையோடு போக வேண்டியிருக்கும்.

நிலைத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளவும் செத்த விலங்கைப் பரிசோதிக்க வேண்டும். 1961லிருந்து ரேபிஸ் இல்லை என்று இருந்த தைவானில் 2013இல் பெரட்–பேட்ஜர் என்ற சிறு காட்டு விலங்கிடம் அதைக் கண்டார்கள். வைரஸின் மரபணுவைப் பார்த்தால் அது அங்கே பல காலமாகவே ஒளிந்து சுற்றியிருக்கிறது. கண்டிக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் செத்துக் கிடந்த பழந்தின்னி வௌவால்களைச் சோதித்ததால்தான் ரேபிஸுக்கு உறவான ஒரு புது வைரஸ் 2016இல் உலகுக்குத் தெரிந்தது. நம் கால்நடைத் துறை ஆய்வகங்களுக்கு நாயின் தலையோடு, நெடுஞ்சாலையில் அடிபட்ட கீரியும் தோட்டத்தில் தள்ளாடி விழுந்த நரியும் போய்ச்சேர ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதே என் கோரிக்கை. வனத்துறையும் கால்நடைத் துறையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது, பெரிய செலவும் ஆகாது.